நாயின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால்: எண்ணெயை மாற்றினால் குறையுமா?

வாசகி கேள்வி:

எங்கள் நாய்க்கு எட்டு வயது. பெண், கருத்தடை செய்தவள். போன வருடம் 12 கிலோ இருந்தாள், இப்போது 14.5. தடுப்பூசிக்குப் போனபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் 428 என்று வந்தது. தாளில் மேல் எல்லை 300 என்று போட்டிருக்கிறது. என் கணவருக்கும் கொலஸ்ட்ரால் உண்டு. டாக்டர் சொன்னபடி வெண்ணெயை விட்டுச் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறியதில் அவருக்கு நன்றாகக் குறைந்தது. அதனால் நாய்க்கும் அதையே செய்தோம். அவளுடைய முடி மங்கிப் போனதால் ஆறு மாதமாகத் தினமும் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் உணவில் ஊற்றி வந்தேன். அதை நிறுத்தி, அதே அளவு சூரியகாந்தி எண்ணெய் கொடுக்கிறோம். முட்டையையும் நிறுத்திவிட்டோம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 431! நான் ஊற்றிய எண்ணெயால்தான் இப்படி ஆனதோ என்று மனசு கேட்கவில்லை. இவளுக்கு மாரடைப்பு வருமா? எந்த எண்ணெய்தான் நல்லது?

பி.கு.: வாலில் முடி உதிர்ந்திருக்கிறது. முன்பு போல ஓடுவதில்லை, வெயில் விழும் இடமாகப் பார்த்துப் படுத்தே கிடக்கிறாள். வயதாகிறது என்று விட்டுவிட்டோம். இன்னொன்று, மகன் வளர்க்கும் முயல் நாயின் தட்டில் மிஞ்சியதைக் கொறிக்கிறது. அதற்கும் ஏதாவது ஆகுமா?

கால்நடை மருத்துவர் பதில்:

உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது பி.கு.வில்தான். எண்ணெயைப் பற்றி அவ்வளவு கவலையாக எழுதிவிட்டு, போகிற போக்கில் வால் முடியைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

நடுவயது தாண்டிய நாய். எடை கூடுகிறது. முடி மங்கி, வாலில் உதிர்கிறது. சோர்ந்து கிடக்கிறாள், கதகதப்பைத் தேடுகிறாள். கூடவே கொலஸ்ட்ரால் 428. இத்தனையும் சேர்ந்து வந்தால் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் முதலில் தைராய்டு குறைபாடுதான் நினைவுக்கு வரும். அந்தக் குறைபாடுள்ள நாய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்றுக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருக்கும். ரத்தத்தில் வரும் கொலஸ்ட்ராலைக் கல்லீரல் உள்ளே இழுத்து, பித்த அமிலமாக்கி வெளியே அனுப்ப வேண்டும். அந்த வேலையைத் தூண்டுவது தைராய்டு ஹார்மோன். அது குறைந்தால் உற்பத்தியும் கொஞ்சம் குறையும்தான். ஆனால் வெளியேற்றம் அதைவிட அதிகமாகக் குறைந்துவிடும். அதனால் ரத்தத்தில் தேங்குகிறது.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். முடி மங்கியது. அதைச் சரிசெய்ய எண்ணெய் ஊற்றினீர்கள். அப்புறம் ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் தெரிந்தது, பழி எண்ணெய்மேல் விழுந்தது. முடி மங்கியதற்கும் கொலஸ்ட்ரால் கூடியதற்கும் ஒரே காரணம் இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தக் காரணம் நீங்கள் எண்ணெய்ப் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே அவள் உடம்பில் இருந்திருக்கும். எண்ணெயை மாற்றியும் எண் அசையாமல் 431-இல் நிற்பதும் அதையே சொல்கிறது. ஆகவே, குற்ற உணர்வை இறக்கி வைத்துவிடுங்கள்.

சரி, உங்கள் கணவருக்குப் பலித்தது இவளுக்கு ஏன் பலிக்கவில்லை? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் கொலஸ்ட்ரால் பற்றி நாம் படிப்பதெல்லாம் மனிதர்களைப் பற்றியது, அல்லது மனிதர்களுக்காக ஏதோ ஒரு விலங்கில் செய்த சோதனை. எந்த விலங்கு என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் மொத்தமும் தப்பாகப் புரிந்துவிடும்.

கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. ரத்தத்தில் போக அதற்கு ஒரு வண்டி வேண்டும். எல்டிஎல் ஒரு வண்டி, எச்டிஎல் இன்னொன்று. மனிதர்களுக்குப் பெரும்பகுதி எல்டிஎல்-இல்தான் போகிறது. தமனிச் சுவருக்குள் புகுந்து படிவது அந்த வண்டிச் சரக்குதான். எல்டிஎல்-ஐ ரத்தத்திலிருந்து எடுக்கக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றைக் கதவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. உணவில் வரும் கொழுப்பின் வகையைப் பொறுத்து எத்தனை கதவுகள் திறந்திருக்கும் என்பது மாறுகிறது. உங்கள் கணவரின் டாக்டர் சொன்ன அறிவுரையின் அடிப்படை அதுதான்.

இதைத் தெளிவாகக் காட்டியது வெள்ளெலி, அதாவது ஹாம்ஸ்டர். அமெரிக்காவில் டாலஸ் நகரில் பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் வேலை செய்த அதே மருத்துவக் கல்வி நிறுவனத்தில், 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் ஜான் டீட்ஷியும் டேவிட் ஸ்பேடியும் வெள்ளெலிகளுக்கு விதவிதமான கொழுப்புகளைக் கொடுத்துக் கல்லீரலின் கதவுகளை அளந்தார்கள். கொஞ்சம் கொலஸ்ட்ராலோடு, வெண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் நிறைய இருக்கும் நிறைவுற்ற கொழுப்பையும் சேர்த்தால் கதவுகள் மூடின, எல்டிஎல் ஏறியது. லினோலிக் அமிலம் நிறைந்த, சூரியகாந்தி போன்ற எண்ணெயையோ ஒலியிக் அமிலம் என்னும் இன்னொரு நிறைவுறாத கொழுப்பையோ கொடுத்தால் கதவுகள் ஓரளவு மறுபடி திறந்தன. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நிறைவுற்ற கொழுப்பமிலங்கள் எல்லாமே ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை. 12, 14, 16 கார்பன் நீளமுள்ள லாரிக், மிரிஸ்டிக், பால்மிடிக் அமிலங்கள் எல்டிஎல்-ஐ ஏற்றின. 18 கார்பன் உள்ள ஸ்டீரிக் அமிலம் ஏற்றவில்லை. இரண்டே இரண்டு கார்பன்தான் வித்தியாசம்!

காரணமும் அழகானது. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் இரண்டு நிலையில் இருக்கும்: ஒரு கொழுப்பமிலத்தோடு இணைத்துச் சேமித்து வைத்தது ஒன்று, சும்மா அலைவது இன்னொன்று. செல் எண்ணிப் பார்ப்பது அலைகிற கொலஸ்ட்ராலை மட்டும்தான். அது கூடினால் 'உள்ளே போதும்' என்று கதவுகளைக் குறைத்துவிடும். ஒலியிக் அமிலம் வந்தால் அலைகிற கொலஸ்ட்ரால் அதோடு இணைந்து சேமிப்புக்குப் போய்விடுகிறது. செல்லுக்குக் குறைந்தது போலத் தெரியும், கதவுகளைத் திறக்கும். பால்மிடிக் அமிலம் வந்தால் அந்த இணைப்பு சரியாக நடக்காது, கொலஸ்ட்ரால் அலைந்துகொண்டே இருக்கும். வெண்ணெயை விட்டுச் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறிய உங்கள் கணவரின் கல்லீரலிலும் இதை ஒத்த ஒன்று நடந்திருக்கும். அவருக்கான அறிவுரை முழுக்கச் சரி. அதை மாற்றாதீர்கள்.

இப்போது உங்கள் நாய்க்கு வருவோம். நாயின் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் சுமப்பது எச்டிஎல். மனித ரத்தத்தில் எச்டிஎல்-இலிருந்து கொலஸ்ட்ராலை இறக்கி எல்டிஎல் பக்கம் ஏற்றிவிடும் ஒரு புரதம் இருக்கிறது. நாயிடம் அதன் செயல்பாடு மிகக் குறைவு. அதனால் நாய் கொழுப்பை நிறையத் தின்று கொலஸ்ட்ரால் கூடினாலும் பெரும்பாலும் எச்டிஎல்தான் கூடும். அது தமனியை அடைக்கும் வண்டி கிடையாது. பனிப் பிரதேசங்களில் சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் பந்தய நாட்களில் தங்கள் ஆற்றலில் பாதிக்கும் மேல் கொழுப்பிலிருந்தே எடுக்கின்றன. இறைச்சி தின்று வந்த இனத்துக்கு அது இயல்புதான். உங்கள் நாய் தின்ற ஒரு கரண்டி எண்ணெய், எந்த வகையாக இருந்தாலும், 300-ஐ 428 ஆக்கும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

நாய்க்குத் தமனி அடைப்பை உண்டாக்கிப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் பட்ட பாடும் இதையே காட்டுகிறது. கொலஸ்ட்ராலை மட்டும் ஊட்டிப் பார்த்தார்கள், எதுவும் பெரிதாக நடக்கவில்லை. 1946-இல் ஸ்டைனரும் கெண்டாலும் கொலஸ்ட்ராலோடு தைராய்டை அடக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் நாயின் தமனியில் படிவு வந்தது. கவனியுங்கள், இங்கேயும் தைராய்டு! தைராய்டை அடக்காமலே செய்து காட்டியது 1968-இல். அதற்கு ஹைட்ரஜன் ஏற்றி முழுக்க நிறைவுற்றதாக்கிய தேங்காய் எண்ணெயும் அளவுக்கு மிஞ்சிய கொலஸ்ட்ராலும் கலந்த செயற்கை உணவு தேவைப்பட்டது. லினோலிக் அமிலம் என்பது ஏறக்குறைய இல்லாத உணவு அது. ஆக, கொழுப்பின் வகை நாயை ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்லமாட்டேன். வேறு நல்ல கொழுப்பே இல்லாமல், மாதக்கணக்கில், அந்த எல்லைவரை போனால் செய்யும். முழுமையான நாய் உணவின்மேல் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றுவது அந்த எல்லைக்கு வெகு தூரம்.

மாரடைப்பு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனிதர்களுக்கு வருவது போன்ற தமனி அடைப்பும் மாரடைப்பும் நாய்களுக்கு அபூர்வம். தமனிப் படிவு வந்த நாய்களை எடுத்துப் பார்த்தால் தைராய்டு குறைபாடும் நீரிழிவும் மற்ற நாய்களைவிட அதிகமாக இருக்கும். சோதனைகளில் கொலஸ்ட்ரால் 750-ஐத் தாண்டிப் பல மாதம் அப்படியே நின்ற நாய்களிடம்தான் படிவு வந்தது. 428-ஐ வைத்து இன்று ராத்திரி தூக்கம் கெடவேண்டாம். ஆனால் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடவும் கூடாது.

அடுத்து என்ன செய்ய வேண்டும்? 12 மணி நேரம் தீனி கொடுக்காமல், தண்ணீர் மட்டும் வைத்து, காலையில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். முன்பு எடுத்தது தின்ற பிறகா என்று நீங்கள் எழுதவில்லை. தின்றவுடன் எடுத்தால் ட்ரைகிளிசரைடு என்னும் இன்னொரு வகைக் கொழுப்பு மிகவும் ஏறிக் காட்டும், கொலஸ்ட்ராலும் கொஞ்சம் கூடும். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4, தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். டி4 மட்டும் குறைந்திருந்தால் போதாது. வேறு எந்த நோய் இருந்தாலும் அது தற்காலிகமாகக் குறையும். ஸ்டீராய்டும் வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபார்பிட்டாலும்கூட அதைக் குறைக்கும். டி4 குறைந்து டிஎஸ்எச் கூடியிருந்தால் தைராய்டு குறைபாடு என்று தைரியமாகச் சொல்லலாம். கூடவே சர்க்கரை, கல்லீரல் நொதிகள், சிறுநீரில் புரதம். நீரிழிவு, பித்தநீர் அடைப்பு, சிறுநீரகம் வழியாகப் புரதம் கசிவது, அட்ரீனல் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பது, இவற்றிலும் கொலஸ்ட்ரால் ஏறும். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறாளா, வயிறு தொங்கியிருக்கிறதா என்று கவனித்து உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெளிச்சத்தில் அவள் கண்ணையும் பாருங்கள். கருவிழியின் ஓரத்தில் வெண்மையாக ஒரு வளையம் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். கொலஸ்ட்ரால் நெடுநாள் கூடியிருந்தால் அங்கே கொழுப்பு படியும்.

ரத்தம் எடுத்ததும் இன்னொன்றும் கேட்கலாம்: பிரித்தெடுத்த சீரம் தெளிவாக இருந்ததா, பால் போல் இருந்ததா? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மினியேச்சர் ஷ்னாசர் நாயின் ரத்தத்தைக் குழாயில் எடுத்துவைத்தேன். சிவப்பணுக்கள் கீழே இறங்கியதும் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவான நீர் நிற்க வேண்டும். நின்றது பால். அந்தக் குழாயை ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் எடுத்துப் பார்த்தேன். மேலே ஏடு கட்டியிருந்தது, விரல் நுனி அகலத்துக்கு வெள்ளை ஏடு. குடலிலிருந்து வந்த கொழுப்புத் துளிகள்தான் அப்படி மிதக்கும். அந்த இனத்துக்குப் பிறவியிலேயே ட்ரைகிளிசரைடு ஏறும் இயல்பு உண்டு. அது கணைய அழற்சிக்கு இழுத்துப் போகலாம். அந்த மாதிரி நாய்க்குத்தான் கொழுப்பைக் கறாராகக் குறைத்த உணவு தேவை. கொலஸ்ட்ரால் மட்டும் கூடினால் சீரம் பால் போல் ஆகாது, எண் எவ்வளவு இருந்தாலும் தெளிவாகவே நிற்கும். சீரத்தின் நிறத்தைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். பால் போல் இருந்தால் நாம் பேச வேண்டிய விஷயமே வேறு.

எந்த எண்ணெய் நல்லது என்ற கேள்விக்கு என் பதில்: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. அவள் இருக்க வேண்டிய 12 கிலோவுக்கு, ஓடியாடாத நாய்க்கு, நாள் முழுவதற்கும் தேவை 600 கலோரியை ஒட்டித்தான். ஐந்தில் ஒரு பங்கை எண்ணெயாகவே ஊற்றியிருக்கிறீர்கள். கொலஸ்ட்ரால் விஷயத்தில் எண்ணெய்மேல் நான் குற்றம் சொல்லவில்லை, ஆனால் கூடிய இரண்டரைக் கிலோவில் அதற்குப் பங்கு உண்டு. தேங்காய் எண்ணெய்க்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றினாலும் கலோரி அதேதான்.

முடிக்காக என்று பார்த்தாலும் தேங்காய் எண்ணெய் சரியான தேர்வு கிடையாது. தோலுக்கும் முடிக்கும் நாய் வெளியிலிருந்து பெற்றே ஆகவேண்டிய கொழுப்பமிலம் லினோலிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் பாதியை ஒட்டி லாரிக் அமிலம், லினோலிக் அமிலமோ 2 சதவீதத்தை ஒட்டித்தான். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் அது பாதிக்கும் மேல் இருக்கும். அதனால் லினோலிக் அமிலம் உண்மையிலேயே குறைந்த நாய்க்கு ஒரு தேக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய் வேலை செய்யும். முழுமையான நாய் உணவு தின்பவளுக்கு அந்தக் குறை வராது. மீன் எண்ணெயைப் பற்றி யாராவது சொல்வார்கள். அது ட்ரைகிளிசரைடைக் குறைக்க உதவும். உங்கள் நாய்க்கு அது கூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகு அதைப் பேசலாம். முட்டையை நிறுத்தியதில் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. எடை குறைந்த பிறகு, அவளுக்குப் பிடித்தால், வாரத்தில் ஒன்றிரண்டு அவித்துக் கொடுக்கலாம்.

தைராய்டு குறைபாடு என்று உறுதியானால் லெவோதைராக்சின் மாத்திரை தினமும், வாழ்நாள் முழுக்க. அளவை உங்கள் மருத்துவர் சொல்வார். உங்கள் வீட்டில் யாராவது அதே மாத்திரை போட்டுக்கொண்டாலும் அந்த அளவை வைத்து நீங்களாகக் கொடுத்துவிட வேண்டாம், நாய்க்கான கணக்கு வேறு. முதல் சில வாரங்களிலேயே சுறுசுறுப்பு திரும்பும், கொலஸ்ட்ராலும் இறங்கத் தொடங்கும். முடி முளைக்கத்தான் மாதங்கள் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும். மனிதர்களுக்குக் கொடுக்கும் கொலஸ்ட்ரால் மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் அவளுக்குக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக முயல். நாயைப் பற்றிக் கவலைப்பட்ட அளவில் பாதியை முயலுக்கு வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். நாய் தாங்குகிற அதே தட்டை முயல் தாங்காது.

முயல் செடிகொடி மட்டும் தின்னும் பிராணி. செடியில் கொலஸ்ட்ரால் என்று சொல்லும் அளவுக்கு ஒன்றும் கிடையாது. அதனால் உணவில் வரும் கொலஸ்ட்ராலைச் சமாளிக்கும் வசதி அதன் உடம்பில் மிகவும் குறைவு. எலிக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டினால் அதன் கல்லீரல் மளமளவென்று பித்த அமிலமாக்கி வெளியேற்றிவிடும். முயலுக்கு அந்த வேகம் இல்லை. எல்டிஎல் பக்கம் சரக்கை மாற்றும் அந்தப் புரதமும், நாயிடம் குறைந்திருப்பது, முயலிடம் ஏராளம். 1913-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கோலாய் அனிச்கோவும் செம்யோன் கலாத்தோவும் முயல்களுக்குச் சுத்தமான கொலஸ்ட்ராலை எண்ணெயில் கரைத்துக் கொடுத்தார்கள். முயல்களின் தமனிகளில் மனிதர்களுடையதை ஒத்த படிவுகள் வந்தன. கரைத்த எண்ணெய் எது தெரியுமா? சூரியகாந்தி எண்ணெய்தான். உங்கள் கணவருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைத்த அதே எண்ணெய், கொலஸ்ட்ராலோடு சேர்ந்து போனபோது முயலைக் காப்பாற்றவில்லை.

முயலைப் பற்றி இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. கொலஸ்ட்ரால் துளியும் இல்லாமல், பால் புரதமான கேசீனும் நிறைவுற்ற கொழுப்பும் கலந்து ஆய்வகத்தில் செய்த உணவைக் கொடுத்தாலும் முயலுக்குக் கொலஸ்ட்ரால் ஏறும். அதே நிறைவுற்ற கொழுப்பை அதன் வழக்கமான, நார் நிறைந்த தீனியில் கலந்து கொடுத்தால் அப்படி ஏறுவதில்லை. டேவிட் கிரிட்செவ்ஸ்கி 1960களில் இதைக் காட்டினார். கொழுப்பு அதேதான், கூடவே என்ன போகிறது என்பதில்தான் வேறுபாடு. அதனால் உங்கள் முயலுக்குப் புல் தாராளமாகக் கிடைக்கட்டும்.

நாய் உணவில் விலங்குக் கொழுப்பும் கொலஸ்ட்ராலும் புரதமும் நிறைய, நாரோ குறைவு. என்றோ ஒருநாள் நாலு துண்டு கொறித்ததால் முயலின் தமனி அடைத்துவிடாது. தினமும் கொறித்தால் கல்லீரலில் கொழுப்பு சேரும். தமனிக்கும் முன்னால் குடல் கெடும், முயலுக்குக் குடல் நின்றுபோனால் ஒரே நாளில் உயிருக்கு ஆபத்து. எனவே நாய் தின்று முடித்ததும் தட்டை எடுத்து மேலே வைத்துவிடுங்கள். ஒரு வாரம் முயலின் புழுக்கைகளைக் கவனியுங்கள். அவை சிறுத்தாலோ, கொழகொழப்பாகப் போனாலோ, முயல் புல்லைத் தொடாமல் அரை நாள் இருந்தாலோ, நாயின் பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.